தேவிப்ரியா கட்டிய குளிர்ந்த வீடு

தேவிப்ரியா திருவண்ணாமலையில் பள்ளிச் சீருடை தைப்பவள். கல்யாணமானதிலிருந்து மொட்டை மாடிக்கு நேர் கீழே வாடகைக்குக் குடியிருந்தாள். கோடையில் அங்கே மின்விசிறி அனலைத்தான் வாரி இறைக்கும். பள்ளி திறப்பதற்கு முன்புதான் அவளுக்கு வேலை மும்முரம். வெயிலும் அப்போதுதான் உச்சம். மகள் கவிநிலாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு.

அடி அண்ணாமலையில் மனை வாங்கியதும் கணவன் இளவரசனிடம் சொல்லிவிட்டாள்: "ஏசி இல்லாமலே உக்காந்து தைக்கிற மாதிரி வீடு வேணுங்க."

அப்படி ஒரு வீட்டை அவள் பார்த்திருந்தாள். துணி கொடுக்கப் போன இடம். நடு மதியத்தில் விசிறி ஓடாமலே இதமாக இருந்தது. எப்படிக் கட்டினார்கள் என்று அந்த வீட்டுக்காரரைத் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மனை மேற்குப் பார்த்தது. தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைக்கச் சொன்னார் இளவரசனின் அண்ணன் சகாதேவன். "பாக்கறவன் அசந்து போவணும்மா."

"சாயங்கால வெயில் மொத்தமும் அது வழியாதான் உள்ள வரும் மாமா. அந்தப் பக்கம் படிக்கட்டும் பாத்ரூமும் வரட்டும். படுக்கிற ரூமு பின்னால இருக்கட்டும்."

சகாதேவன் முகம் சுருங்கியது. அதன்பின் வேலை நடக்கும் பக்கமே அவர் வரவில்லை.

அடுத்துக் கொத்தனார் மணிவேல். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, சுவருக்குள் காற்று நிற்க இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னாள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாம்மா, பொந்து வுட்டா செவுரு நிக்குமா?"

"மொதல்ல மோட்டார் ரூம கட்டலாம் மேஸ்திரி. மேக்கால செவுத்துல பாதி உங்க மாதிரி, பாதி நான் சொல்ற மாதிரி."

கட்டி முடித்து ஈரமெல்லாம் காய்ந்தபின், ஒரு மத்தியானம் மணிவேல் உள்ளே போய் இரண்டு பாதியிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரிதாம்மா, உங்க பாதி சுடல. கல்லும் கம்மியாத்தான் புடிச்சிருக்கு."

வீடு முழுக்க அப்படியே எழும்பியது. சன்னல்கள் எதிரெதிரே, மேலே நிழலுக்குச் சாய்ப்பு, கூரையில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் குளிர் ஓடு.

கிரகப்பிரவேசம் அக்னி நட்சத்திரத்தில் வந்தது. சகாதேவனும் வந்தார். சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் துண்டை விரித்துப் படுத்தவர் நன்றாகத் தூங்கிவிட்டார். எழுந்து மேலே பார்த்தார். விசிறி நின்றிருந்தது.

"கரண்ட்டு எப்ப போச்சு?"

"நீங்க சாப்புடும்போதே போச்சு மாமா."

சகாதேவன் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் விசிறிக்கொண்டு நின்ற உறவுக்காரர்களை உள்ளே கூப்பிட்டு, அறை அறையாகக் காட்டினார். "எல்லாம் எங்க வூட்டுப் பொண்ணு யோசன. நான் கண்ணாடி வைக்கச் சொன்னேன், ஒத்துக்கல."

அடுப்பங்கரையில் நின்று அதைக் கேட்ட தேவிப்ரியாவுக்குக் கண் கலங்கியது. சிரித்துக்கொண்டே வந்து எல்லோருக்கும் மோர் கொடுத்தாள்.

ஆனி மாதம் மணிவேல் வந்தார். கீழ்பென்னாத்தூரில் புது வீடு கட்டும் வேலை பிடித்திருக்கிறாராம். "பொந்து வுட்ட செவுரு நிக்கும்னு நான் சொன்னா வூட்டுக்காரங்க நம்ப மாட்றாங்க. நீங்க ஒரு நட வந்து சொல்லுங்கம்மா."

தேவிப்ரியா தையல் மிஷினை மூடிவிட்டு, அவரோடு பஸ் ஏறினாள்.