நியூட்ரலில் போன நிச்சயதார்த்தம்

இன்று காலை நல்ல மழை. சொந்தத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக கோயமுத்தூரிலிருந்து வாடகை அம்பாசிடரில் கிணத்துக்கடவு போய்க்கொண்டிருந்தோம். ஊருக்கு முந்தைய இறக்கத்தில் டிரைவர் வண்டியை நியூட்ரலில் விட்டார்.

"ஏனுங்க அண்ணா, ரோடு வழுக்குது. மூணாம் கியர்ல இறக்குங்க, வண்டி கட்டுக்குள்ள இருக்கும்" என்றேன். ஏழு வருடமாக நானும் கார் ஓட்டுகிறேன்.

"டீசல் மிச்சமாகுமுங்க அம்மணி" என்றார், ரொம்ப மரியாதையாக.

பின்சீட்டிலிருந்து பெரியம்மா, "அவருக்குத் தெரியாதா? நீ சும்மா இரு கண்ணு" என்றார்.

வளைவில் ஒரு மாட்டுவண்டி. டிரைவர் பிரேக்கை ஏறி மிதித்தார். கார் வழுக்கிக்கொண்டே அரைவட்டம் அடித்து, கோயமுத்தூரைப் பார்த்தபடி, புளியமரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. தாம்பூலத்தட்டு எல்லோர் மடியிலும் கொட்டிக் கிடந்தது.

யாருக்கும் அடியில்லை. டிரைவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப வழுக்குது, வழுக்குதுன்னு இவ வாய் வெச்சுப்போட்டா பாரு!" என்றார் பெரியம்மா.

"அதானுங்க" என்றார் டிரைவர்.

வண்டியைத் திருப்பி, மிச்ச இறக்கத்திலும் நியூட்ரலிலேயே இறங்கினோம். சீ என்றாகிவிட்டது.

நம் மின்னஞ்சல் குழுவில் வண்டி ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்: ஈர ரோட்டு இறக்கத்தில் எதைப் போட வேண்டும், மூன்றாம் கியரா, என் வாய்க்குப் பூட்டா?