பகல் ஷிஃப்டுக்கு வந்தவர்

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுமுன் இடப்புறம் ஒருமுறை, வலப்புறம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். பின்னால் சுவரைத் தவிர எதுவும் இல்லை. என்ன பார்க்கிறீர்கள் என்று மனைவி கேட்டால், "கிளீனர் இல்லையே, நாமதான பாக்கணும்" என்பார்.

லாரி டிரைவர். அவர் ஓட்டாத ஷிஃப்ட் இல்லை. அதனால் டிப்போவில் புதிதாகச் சேருகிறவர்கள் எது தேவலை என்று அவரிடம்தான் கேட்பார்கள். இரவு ஷிஃப்டில் சாலை நம்முடையது, ஆனால் பகல் தூக்கத்தை அக்கம்பக்கத்துக் குக்கர்கள் பங்கு போட்டுக்கொள்ளும் என்பார். நாலு நாள் ஓட்டம், மூன்று நாள் ஓய்வு என்றால் சிரிப்பார். "மொத நாள் செத்துக் கெடப்போம். ரெண்டாம் நாள் வீட்டு ரிப்பேர். மூணாம் நாள் நல்லாத்தான் இருக்கும், ஆனா பைய கட்டணும்." நெடுந்தூர லைனில் வாரக்கணக்கில் வண்டியே வீடு. அதில்தான் அவர் அதிக காலம் கழித்தார்.

அப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் மகளிடமிருந்து போன் வரும். எடுத்ததும் அதே கேள்வி: "ஓட்டிட்டு இருக்கியாப்பா?" அவர் வண்டியை ஓரங்கட்டுவார். வகுப்பில் யார் யாரோடு காய் விட்டார்கள் என்பதிலிருந்து கணக்கு டீச்சரின் புதுக் கண்ணாடி வரை கொட்டித் தீர்ப்பாள். அந்தப் பேச்சைப் பக்கத்திலிருந்தே கேட்கலாம் என்றுதான் பகல் ஷிஃப்டைக் கேட்டு வாங்கினார்.

இப்போது விளக்கு வைக்கும் முன்பே வீட்டில் இருக்கிறார். சாப்பிட்டாயா என்றால் "ம்". பள்ளியில் என்ன என்றால் "ஒண்ணுமில்ல". அறைக் கதவு சாத்திக்கொள்கிறது.

"கொஞ்சம் பொறுங்க. புது ஆள் வந்தா பூனைகூட ரெண்டு நாள் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும்" என்றாள் மனைவி.

"நான் புது ஆளா?"

"பின்ன? போன்ல இருந்த ஆளு வேற."

இன்று சூப்பர்வைசர் ஒரு செய்தி சொன்னார். அவருடைய பழைய நெடுந்தூர லைனில் ஓர் இடம் காலியாகிறது. சாயங்காலம் தானே கூப்பிடுவதாகவும், எடுக்காவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தவர் பரணிலிருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டிக் கூடத்தில் வைத்தார். தண்ணீர் எடுக்க வந்த மகள் அதைப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சற்று நேரத்தில் போன் அடித்தது. சூப்பர்வைசர் என்று நினைத்து எடுத்தார்.

"ஓட்டிட்டு இருக்கியாப்பா?"

சாத்தியிருந்த கதவைப் பார்த்தார்.

"இல்லம்மா. ஓரங்கட்டிட்டேன், சொல்லு."

அவள் சொல்லத் தொடங்கினாள். ஒரே குரல் கதவு வழியாகவும் வந்தது, காதிலும் கேட்டது. நடுவே இன்னொரு அழைப்பு குறுக்கிட்டது. போனைக் காதிலிருந்து எடுத்து, சூப்பர்வைசரின் பெயரைப் பார்த்து, கட் செய்தார். திரும்பக் காதில் வைத்துக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.