உள்ளங்காலில் விழுந்த அடி

தமிழ்நாட்டோடு சேர எங்கள் ஊர்கள் போராடிய காலம். கல்குளம் பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். கடற்கொள்ளையர் கதையொன்றை வாசித்துக் காட்டிவிட்டு, "கப்பலைப் பிடிக்கிற இடத்தை நடிங்க" என்றேன்.

கொள்ளைத் தலைவியான ரோசம்மாள், மாலுமியாக நின்ற தாசைக் குப்புறத் தள்ளினாள். மற்றவர்கள் அவன் கால்களை அமுக்க, என் மேசைப் பிரம்பை எடுத்து உள்ளங்காலில் விளாசினாள். ரத்தம் கசிந்தது.

பாய்ந்து பிரம்பைப் பிடுங்கினேன். "கதையில இப்படியா இருக்கு?"

"கதை எழுதினவருக்குத் தெரியாது டீச்சர். போராட்டத்துக்குப் போன எங்கப்பாவ போலீசு இப்படித்தான் அடிச்சாவ."

தாசைத் தூக்கினேன். "நீ ஏம்ல கத்தல?"

"கத்தினா இன்னும் ரெண்டு அடி கிட்டும் டீச்சர். எங்கண்ணன் சொன்னான்."

பிரம்பு இன்னும் என் கையில்தான் இருந்தது. பிள்ளைகள் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.