பதினான்கு காவலர்களின் பெயர்

மதலேன் சவரிமுத்து புதுச்சேரியில் பிறந்து, இருபத்தொரு வயதில் பாரிசுக்கு வந்தவர். தபால் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றார். இப்போது எழுபத்தாறு வயது. பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் ஒரு நான்காவது மாடி வீட்டில் தனியாக இருக்கிறார்.

அவருடைய அப்பா லூயி, இன்றைய வியத்நாம் அடங்கிய பிரெஞ்சு இந்தோசீனாவில் போலீஸ்காரராக இருந்தவர். 1946 முடிவில் அங்கே பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த வியத்நாம் விடுதலைப் படை ஓர் ஆற்றங்கரை நகரத்தை ஐம்பது நாட்களுக்கு மேல் முற்றுகையிட்டது. லூயி அப்போது உள்ளே இருந்தார். அதைப் பற்றி அவர் வீட்டில் வாய் திறந்ததே இல்லை.

மூன்று வருடங்களுக்கு முன், அந்த முற்றுகையைத் தாங்கி நின்றவர்களுக்குப் பிரெஞ்சு அரசு அளித்த பாராட்டு ஆணையின் நகல் மதலேன் கைக்கு வந்தது. மூன்று ஐரோப்பிய அதிகாரிகளின் பெயர்கள் முழுதாக இருந்தன. அவற்றின் கீழே ஒரே வரி: 'மற்றும் பதினான்கு இந்தியக் காவலர்கள்.'

அந்தப் பதினான்கு பேருக்கும் சான்று கேட்டு, ஆணையை வெளியிட்ட அரசு அலுவலகத்துக்கு அன்றே அவர் கடிதம் எழுதினார். பெயர் தெரியாதவர்களுக்குப் பாராட்டுச் சான்று தர இயலாது என்று பதில் வந்தது.

"பேர் தெரியலையா? நான் கொண்டாறேன்," என்று அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதன்பின் செவ்வாய்தோறும் ரயிலேறி ஆவணக் காப்பகத்துக்குப் போனார். முழங்கால் வலித்த நாளிலும் போனார். ஒன்றரை வருடம் கழித்து, முற்றுகைக் காலத்தில் அரிசி பங்கிட்ட பட்டியல் ஒன்று கிடைத்தது. பதினான்கு பேரும் கையெழுத்திட்டிருந்தார்கள். ஒன்பதாவது கையெழுத்து அப்பாவுடையது.

அதே ஆவணக் கட்டுக்குள் காவல் நிலையத்தின் நாட்குறிப்பும் இருந்தது. முப்பத்தொன்றாம் நாள் பக்கத்தைப் படித்தார். 'தடையை மீறி நிலையக் கிணற்றுக்கு வந்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி சுடப்பட்டு இறந்தாள். கையில் குடம் மட்டும் இருந்தது. சுட்டவர் காவலர் லூயி சவரிமுத்து.'

அடுத்த நான்கு செவ்வாய்க்கிழமைகள் அவர் வீட்டை விட்டு நகரவில்லை.

ஐந்தாவது வாரம் காய்கறி வாங்கப் போனபோது, கடைக்காரர் குலசேகரம் விசாரித்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்னக்கா, கன நாளாக் காணேல்லை. சுகமில்லையோ?"

மதலேன் எல்லாவற்றையும் சொன்னார். குலசேகரம் கத்தரிக்காயை நிறுப்பதை நிறுத்தினார்.

"நானும் ஊரில சண்டை நேரம் முற்றுகைக்குள்ள இருந்தனான், அக்கா. தண்ணி அள்ளப் போன என்ர மச்சாள் திரும்பி வரேல்லை. சுட்டவன் ஆரெண்டு எங்களுக்கு இண்டைக்கும் தெரியாது."

"நான் என்ன செய்யணும்னு சொல்றீங்க, தம்பி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்கட அப்பாவைப் பற்றி நான் என்னத்தைச் சொல்ல?"

வீட்டுக்கு வந்ததும் மதலேன் மேசையில் உட்கார்ந்தார். அரிசிப் பட்டியலை மட்டும் அனுப்பினால் வேலை முடிந்துவிடும். நாட்குறிப்பை யாரும் கேட்கவில்லை. வெகுநேரம் பேனாவைக் கையில் பிடித்திருந்தார். பிறகு இரண்டின் நகலையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார்.

ஏழு மாதம் கழித்துச் சான்று வந்தது. அதில் பதினான்கு பெயர்களும் இருந்தன. நாட்குறிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

சிறிய விழா ஒன்று நடந்தது. காவலர்களின் பிள்ளைகளில் ஆறு பேர் வந்திருந்தார்கள். மதலேன் எழுந்து பதினான்கு பெயர்களையும் நிதானமாக வாசித்தார். பிறகு கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து, முப்பத்தொன்றாம் நாள் குறிப்பையும் வாசித்தார். யாரும் கைதட்டவில்லை.

இன்னொரு காவலரின் மகன் ராதாகிருஷ்ணன், பாரிசை அடுத்த ஸ்தேன் என்ற ஊரிலிருந்து வந்தவர், வெளியே அவரை நிறுத்தினார்.

"இத்தன வருஷத்துக்கப்புறம் நம்ம அப்பாங்களுக்கு ஒரு மரியாத கெடச்சுது. அத ஏங்க்கா கெடுத்தீங்க?"

"கெடுக்கல. ஐம்பது நாள் அவங்க பசியோட நின்னது உண்மை. அந்தப் பொம்பள செத்ததும் உண்மை. பேர் வேணும்னு கேட்டவ நான். அந்தப் பேரோட வர்றதையும் நான்தான் ஏத்துக்கணும்."

ராதாகிருஷ்ணன் மெத்ரோ ரயில் நிலையப் படியில் இறங்கிப் போனார். மூன்று நாள் கழித்துப் போன் செய்து, அந்த நாட்குறிப்பின் நகல் தனக்கும் வேண்டும் என்றார்.

இறந்த பெண்ணின் பெயர் குறிப்பில் இல்லை. அதைக் கேட்டு மதலேன் முற்றுகை நடந்த அந்த நகரத்தின் நகராட்சிக்கு எழுதியிருக்கிறார். பிரெஞ்சில் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. கீழ்வீட்டு வியத்நாம் நர்ஸ் ஒருவர் அதை வியத்நாம் மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். அதுவே இரண்டாவது கடிதமாகப் போன மாதம் போயிருக்கிறது.