ஏச்சு வாங்காத தாய்

என் மகளின் நிறையைப் பற்றிக் கிளினிக்கின் மிட்வைஃப் மிஸ் சொன்னது உண்மையா, அல்லது நான் அவரைப் புகழ்ந்ததற்குப் பதில் மரியாதையா? இரண்டரை மாதமாக யோசிக்கிறேன், விடை வரவில்லை.

மகளுக்கு அப்போது எட்டு மாதம். செங்கலடி கிளினிக்கில் நிறை பார்க்கும் வரிசையில், எங்களுக்கு முன்னால் நின்ற தாய்க்கு மிஸ் ஏசிக்கொண்டிருந்தார்.

"வெறும் சோத்தக் கரைச்சுக் குடுத்தா எப்பிடி நிறை ஏறும்? முட்டை குடு. நெத்தலிய வறுத்துத் தூளாக்கிப் போடு. விளங்குதா?"

பள்ளிக்கூடக் காலத்திலேயே ஏச்சுக்குப் பயந்து இரண்டு தரம் வீட்டுப்பாடம் எழுதியவள் நான். முறை வந்ததும் வாய் தானாகத் திறந்தது.

"மிஸ், உங்கட கை பட்டாலே புள்ளைகள் அழுறத நிப்பாட்டிருதுகள்."

மகள் தராசில் தொங்கியபடி, வாவியின் அக்கரைக்குக் கேட்குமளவு அலறிக்கொண்டிருந்தாள்.

மிஸ் சிரித்தார். மகளின் வளர்ச்சிப் புத்தகத்தில் அவர் வைத்த நிறைப் புள்ளி போன மாதத்துப் புள்ளியை விட ஏறவில்லை. "உங்களப் போல படிச்ச தாய்க்கு நான் என்னத்தச் சொல்லுற, மகள்? புள்ள சுறுசுறுப்பா இருக்கு. பயப்படாதீங்க."

தப்பிய சந்தோஷத்தில் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. என்ன கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் மிஸ்ஸின் கையெழுத்தைப் புகழ்ந்தேன். புள்ளி அசையவில்லை. ஆனால் இந்தமுறை புத்தியாக அந்தத் தாயின் முதுகோடு ஒட்டி நின்று, அவளுக்கு விழுந்த ஏச்சையெல்லாம் கைபேசியில் குறித்துக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"ஏச்சு எனக்கு, கறி உங்களுக்கா அக்கா?"

நெத்தலித் தூளை மகள் துப்பிவிட்டாள். துப்பினால் என்ன செய்வது என்பது என் குறிப்பில் இல்லை.

இந்த மாதம் அந்தத் தாயின் மகனுக்கு நிறை ஏறிவிட்டது. மிஸ் அவளுக்கு ஏசவில்லை. ஒட்டுக்கேட்க எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நேரடியாகவே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இந்தக் குடை உங்களுக்கு நல்ல வடிவு மிஸ்."

டொக்டரிடம் காட்டலாம்தான். மிஸ்ஸை நம்பவில்லை என்று ஆகிவிடுமோ என்று அதற்கும் பயம்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு கிழமை இருக்கிறது. நீங்களே புகழ்ந்து குளிரவைத்த ஒருவரிடம், 'எனக்கும் கொஞ்சம் ஏசுங்கள்' என்று அவர் மனம் நோகாமல் கேட்டிருக்கிறீர்களா? எப்படித் தொடங்கினீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.