நிற்கிற வண்டிக்கு அடியில்

ரயில்வேயில் சரக்கு வேகன்களைப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் வேலையில் முப்பது வருஷம் இருந்தவன் நான். எங்கள் ஆட்களுக்கு ஒரு கொழுப்பு உண்டு. தண்டவாளத்தைக் கடக்க மேம்பாலப் படி ஏற மாட்டோம். நிற்கிற வண்டிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய்விடுவோம். பாலம் பயணிகளுக்குக் கட்டியது என்பது எங்கள் எண்ணம். எஞ்சின் வந்து கோத்ததும் வேகன்கள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம் வண்டி நெடுக ஓடிவரும். அதைக் கேட்டதும் வெளியே வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள், கைக்கடிகாரம் கொடுத்தார்கள். என் காதை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

ராயபுரத்தில் எங்கள் வீடு தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம். பழைய தோஸ்துகள் கூடும் டீக்கடை கடலோரப் பக்கம். எனக்கு எழுபத்திரண்டோ எழுபத்துமூன்றோ வயது இருக்கும், ஒரு காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வழக்கம்போல் குனிந்தேன். பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. அதனிடம் நான் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே தலைக்கு மேல் இரும்பு அசைந்தது. எனக்குச் சத்தமே கேட்கவில்லை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே ஜல்லியில் குப்புற விழுந்து பல்லிபோல் ஒட்டிக்கொண்டேன். நாலு வேகன்கள் என் முதுகுக்கு மேலே போயின. பிறகு வண்டி நின்றது.

நான் தவழ்ந்து வெளியே வந்தபோது ஒரு மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றிருந்தாள்.

"எத்தினி தபா கத்துறது? காத வூட்ல வச்சிட்டு வந்தியா?"

"நான் ரயில்வேம்மா" என்றேன்.

"அது வண்டிக்குத் தெரியுமா நைனா?"

நான் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி என் மூக்கிலிருந்த கரியைப் பார்த்தாள்.

"பாலம் ஏற முடிஞ்சா டீக்கடைக்குப் போ. முடிலன்னா நான் போடுற டீயக் குடிச்சிகினு வூட்லயே கெட."

அவள் போடும் டீயைப் பற்றி இங்கே எழுத முடியாது. இதை அவளும் படிப்பாள். ஆனால் அன்று ராத்திரி முடிவு செய்தேன்: வெளியே போவதை விடமாட்டேன், வண்டிக்கு அடியிலும் போகமாட்டேன்.

மறுநாள் கைப்பிடியைப் பிடித்தபடி பாலம் ஏறினேன். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, கடலைப் பார்ப்பவன்போல் மூச்சு வாங்கினேன். கீழே யார்டிலிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

"இன்னா மாமு, பாசஞ்சரு ஆயிட்டியா?"

"ஆமாண்டா. கை காலோட எறங்குற பாசஞ்சரு."

ஒரு வாரம் கழித்து, பாலத்தின் உச்சியில் நிற்கும்போது டீக்கடைத் தோஸ்து ஒருவன் கண்ணில் பட்டான். அவனும் ஷண்டிங்கில் இருந்து ஓய்வு பெற்றவன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். ஒரு வேகன் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், வண்டிக்கு அடில பூராதே. மேல வா."

"நீ போ மாமு. எனக்கு சத்தம் நல்லாவே கேக்குது."

"நான் கத்துறது கேட்டுச்சில்ல, அப்ப வா. நீ வர்ற வரைக்கும் இங்கேர்ந்து நவுர மாட்டேன்."

அவன் கையை வீசிப் போகச் சொன்னான். நான் நின்றேன். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறி வந்த ஒருவர், வழியை மறிப்பதாக முறைத்தார். ஒதுங்கி நின்றேனே தவிர இறங்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவன் வேகனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எதையோ முணுமுணுத்தான். அது எனக்குக் கேட்காதது நல்லதுதான். கடைசியில் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பாலத்தின் முதல் படியை நோக்கி நடந்தான்.