எட்டு டிரம்மு, எட்டு ஒடுக்கு

இரும்பத் தட்டிப் பாட்டு போடுற தொழில்ல ஒரே ஒரு கஷ்டம்தான்: தாராவியில அத பாட்டுன்னு ஒரு பய ஒத்துக்க மாட்டான். நீங்க ஆசையா ரேடியோவோட சேர்ந்து பாடும்போது வீட்டுல "யாருக்கு வயித்து வலி?"ன்னு கேக்காங்கல்லா? அந்த வேதன தெரிஞ்சவங்க எல்லாம் பக்கத்துல வந்து உக்காருங்க. எண்பதுகள்ல நான் பட்டதச் சொல்லுதேன்.

வடை

காதர் பாய் பட்டறையில எனக்கு வேல. கெமிக்கல் கம்பெனிகள்லேருந்து பழைய டிரம்மு நசுங்கிப் போய் வரும். கழுவி, ஒடுக்கு எடுத்து, பெயிண்ட் அடிச்சுத் திருப்பி அனுப்பணும். ஆறு நாளு அதான். ஏழாவது நாளு அதே பட்டறையில எங்க பேண்டு. மாட்டுங்கா கணேஷ் கிட்டார், இசக்கி கிரைண்டர், நான் டிரம்மு. கிரைண்டர்னா மாவாட்டுறது இல்ல, பொறி பறக்க இரும்பு அறுக்குறது. பேண்டு பேரு 'ஓவர்டைம்'. "நாம அண்டர்கிரவுண்ட் மியூசிக்"னு கணேஷ் பெரும பேசுவான். பட்டறை ரோட்ட விட ரெண்டடி பள்ளம். மழைக்காலத்துல அவன் சொன்னது முழுக்க நெசம்.

மொத ஞாயித்துக்கிழம கதவச் சாத்திட்டு ரெண்டு மணி நேரம் அடிச்சோம். சண்டைக்கு ஆளு வரும், நாமளும் பெரிய ஆளாயிருவோம்னு காத்திருந்தோம். ஒருத்தனும் வரல. இந்தப் பக்கம் தகரக் கடை, அந்தப் பக்கம் டிரங்குப் பெட்டி செய்யுற கடை, எல்லாவனும் எங்கள விட ஜோராத் தட்டுதான். கடைசியில வடை போடுற சண்முகத்தாய் அக்கா எட்டிப் பாத்தா. "எப்படிக்கா இருக்கு?"ன்னு நான் நெஞ்ச நிமித்துதேன், அவ கண்ணு கலங்கிட்டு.

"ஏலே துர, ஞாயித்துக்கிழமையுமா பாய் வேல வாங்குதாரு? முகமெல்லாம் கரியாப் போச்சே. இந்தாங்கலே, ஆளுக்கு ஒரு வடை."

பாயோட கண்டிஷன்

வந்த டிரம்முல எட்ட மட்டும் ஒடுக்கு எடுக்காம கோணியப் போட்டு மூடி ஒளிச்சு வச்சிருந்தேன். ஒவ்வொரு ஒடுக்குலயும் ஒரு சத்தம். ஒண்ணு ஆடு மாதிரி கத்தும், ஒண்ணு லோக்கல் டிரெயின் பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். அந்த எட்டையும் பொறுக்கி எடுக்க எனக்கு எட்டு மாசம். ஒரு நாளு பாய் கோணியத் தூக்கிப் பாத்துட்டாரு. "ஒடுக்குதான் பாய் சுருதி"ன்னேன். அவரு தாடியத் தடவிட்டே உள்ள போனாரு. நான் அதே மாதிரி தாடி தடவி, அவரு குரல்ல இசக்கிய ஏசிக் காட்டுனேன். திரும்புனா, மனுசன் பின்னாலதான் நிக்காரு.

"ஒடுக்க எடுக்கத்தாம்லே உன்ன வச்சிருக்கேன், வளக்கதுக்கா? சரி, ஒரே ஒரு வெளியாளு இத பாட்டுன்னு சொல்லட்டும், எட்டும் உனக்கு. பக்ரீதுக்குள்ள எவனும் சொல்லல, எட்டும் லாரியில போவும்."

கணேஷோட அப்பா

பெரிய ஆபீஸ்ல இருக்காரு, சங்கீதம் தெரிஞ்சவரு, அவரு சொன்னா பாயே மறுத்துப் பேச முடியாதுன்னு, எங்க பாட்டப் பதிஞ்ச கேசட்டத் தூக்கிட்டு மாட்டுங்காவுக்குப் போனோம். காபி குடுத்தாங்க. மனுசன் கண்ண மூடிட்டு ஒரு சைடு முழுக்கக் கேட்டாரு. நடுவுல தொடையில வெரலால தாளம் கூடப் போட்டாரு. நான் கணேஷக் கிள்ளுதேன், அவன் என்னக் கிள்ளுதான். கேசட் நின்னுச்சு, அவரு கண்ணத் தொறந்தாரு.

"கணேஷ், டேப் ஹெட்ல ஒரே அழுக்குடா. கொஞ்சம் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் தொடச்சுடு. அது சரி, பாட்ட எப்போ போடப்போறேள்?"

முருகையா அண்ணன்

பக்ரீதுக்கு ஒரு வாரம் இருக்கு. செம்பூர்ல ஒரு சங்கத்து ஆண்டு விழா. அவங்களுக்கு என் மிமிக்ரி வேணும். "மிமிக்ரிக்கு முன்னால பத்து நிமிசம் எங்க பேண்டு"ன்னு அடம் பிடிச்சு வாங்கிட்டேன். ஹால் நிறைய வெளியாளு! அதுல ஒருத்தன் கூடவா பாட்டுன்னு சொல்ல மாட்டான்?

விழா அன்னைக்கு டெம்போவக் கூட்டிட்டுப் பட்டறைக்கு வாரேன். எட்டு டிரம்மும் நீலப் பெயிண்ட்ல பளபளன்னு வாசல்ல நிக்கி. ஒண்ணத் தட்டுனேன், டொம். அடுத்ததும் டொம். எட்டும் டொம். சுத்தியல எடுத்து அவசரத்துல நானே நாலு ஒடுக்கு போட்டுப் பாத்தேன். அதுவும் டொம்தான். கையத் தொடச்சிட்டே முருகையா அண்ணன் வாராரு. பட்டறையிலயே ஒடுக்கு எடுக்குறதுல அவர மிஞ்ச ஆளில்ல. எங்க ஊருக்காரரு வேற, ஏசவும் முடியாது.

"நாலு பேரு முன்னால போற சாமான்லா தம்பி, ஒடுக்கோட போனா நம்ம பட்டறைக்குல்லா கேவலம்! மத்தியானம் சோறு கூடத் திங்காம எட்டையும் எடுத்துட்டேன் பாத்தியா?"

செம்பூர்

கிரைண்டர சங்கத்து செகரட்டரி வாசல்லயே பிடுங்கிட்டாரு, மேடையில எல்லாம் சரிகத் துணி, பொறி பட்டா எரிஞ்சிரும். மிச்சம் கணேஷும் என் எட்டு டொம்மும். விட மாட்டேன்னு அடிச்சேன். சட்ட நனைஞ்சுது, வெரல்ல ரத்தம் வந்துது. முன் வரிசையில எல்லாரும் பாவமாப் பாத்தாங்க. அந்த ஹால்ல ஒரு வாயாவது அந்த ஒரு வார்த்தையச் சொல்லாதான்னு கண்ணால தேடுதேன், செகரட்டரியே மைக்க எடுத்துட்டாரு.

"தம்பிங்களா, அந்த ரிப்பேர் வேல முடிஞ்சதும் ஒரு குரல் குடுங்க, நாம நிகழ்ச்சிய ஆரம்பிச்சுடலாம்."

லாரி

பக்ரீது போச்சு. பாய் பிரியாணி குடுத்தாரு, நானும் தின்னேன். நாலாவது நாளு லாரி வந்து நின்னுச்சு. எட்டையும் ஏத்த வந்த ஆளு அவசரக்காரன். தூக்கித் தூக்கி எறியுதான். ஒவ்வொண்ணும் லாரித் தகரத்துல மோதி நசுங்குது. டொம்முன்னு போனது டுய்ங்குன்னு விழுது. ஆடு கத்துது, டிரெயின் பிரேக் போடுது! என் சுருதி அத்தனையும் திரும்பி வருது, வந்து லாரியில ஏறுது. நான் கையக் கட்டிட்டுப் பாத்துட்டு நிக்கேன். தட்டோட வந்த சண்முகத்தாய் அக்கா லாரியையும் என்னையும் மாறி மாறிப் பாத்தா.

"ஏலே துர, என்ன நீ சும்மா நிக்க, உம் பாட்ட வேற எவனோ வாசிக்கான்?"

"பாய்! பாட்டுன்னு சொல்லிட்டா பாய்! வெளியாளு!"ன்னு குதிச்சேன். பாய் தாடியத் தடவுனாரு. லாரியப் பாத்தாரு. ஒரு நிமிசம் அவரும் காது குடுத்துக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

"சொன்னா, நானும் கேட்டேன். ஆனா பக்ரீது போயிட்டு, வாசிச்சதும் நீ இல்லலா."

ஆக, எங்க 'ஓவர்டைம்' பேண்டுல ஒழுங்கா வாசிச்ச ஒரே ஆளு, பேருகூடச் சொல்லாம எட்டு டிரம்மோட குர்லாப் பக்கம் போயிட்டான்.